சொல்லிக்கொள்ளாமல்

“ஹலோ… ஹலோ… ஆமா, காலடிப்பேட்டைதான். யாரு வேணும்?… அப்பாவா? என்னப்பா, குரலே வேற மாதிரி கேக்கு… இது யாரு நம்பரு?… ஓ, உங்ககூட வந்த கருணாகரன் சார் செல்லு. சரி, சரி… ஏர்போர்ட் போயாச்சா?… பின்ன எங்க நிக்கிய?… பஸ்ஸு வந்து நிக்குன்னா ஏற வேண்டியதுதான?… ஏறலியா. ஏம்ப்பா?”

சுஜா ரிசீவரை இடது காதுக்கு மாற்றினாள். நல்ல சேதியை எந்தக் காதில் வேண்டுமானாலும் கேட்பாள். கெட்ட சேதி வரும்போலிருந்தால் இடது காது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் அந்தக் காதில்தான் வாங்கினாள். கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

“மேலுக்கு முடியலியா?… காய்ச்சலா?… இல்ல… பாஸ்போர்ட்டத் தொலச்சிட்டியளா?… பைக்குள்ளதான் இருக்கு, சரி… அப்புறம் என்ன?… போக மனசில்லன்னா எப்படிப்பா? இன்னிக்கோட விசா முடியுது. மனசு இருந்தாலும் இல்லாட்டாலும் ஏறித்தான் ஆவணும்… ஆமா… ஆமா, நல்ல எடம்தான். நான் இல்லன்னு சொன்னனா?”

நல்ல இடம்தான். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வழக்கமாக டீலர்களுக்கு சிங்கப்பூரைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் என்ன தோன்றியதோ, இத்தாலி என்றார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் பழைய காலத்துப் பங்களா, சுற்றிலும் கோல்ஃப் மைதானம், எதற்கும் அவசரமில்லாத ஒரு வாரம், அதுவும் ஜோடியாக. விற்பனை டார்கெட்டை முடித்தது என்னவோ அப்பா தவசிமுத்துவின் பெயிண்ட் கடைதான். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து, வந்தவனை வெறுங்கையோடு திரும்பவிடாமல் விற்றது அவர் மனைவி தங்கபுஷ்பம். கம்பெனி கொடுத்த வழவழப்புப் புத்தகத்திலிருந்து புல்தரைப் படத்தைக் கிழித்து சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினாள். மணலி ஆலைகளின் புகைக்காற்றில் ஒரு மிளகாய்ச் செடிகூட நிமிராத ஊரில் இருந்துகொண்டு, தினம் அந்தப் பச்சையைப் பார்த்தபடி இட்லி அவித்தாள். டிக்கெட் வருவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. நான் போகவில்லை என்று முரண்டு பிடித்த அப்பாவை, அம்மா ஆசைப்பட்ட இடம், நீங்களாவது பார்த்துவிட்டு வாருங்கள் என்று கையைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியவள் சுஜா.

“என்னதான் செஞ்சிய அங்க ஒரு வாரமா?… ம்… ம்… மத்தியானச் சாப்பாடே மூணு மணி நேரமா? பொறவு?… வண்டியில போயி ஒரு பந்த அடிக்கணும், பொறவு அத மெள்ளத் தேடிப் போவணும். அம்புட்டுதானா?… எப்பா, காலையில கடையத் தெறந்தா ராத்திரி வரைக்கும் நிக்கிற மனுசன் நீங்க. உங்களக் கொண்டு போயி சும்மா உக்கார வச்சா இப்படித்தான். மனசு கண்டதையும் நினைக்கும்… என்ன?… யாரு நிக்கா?”

சுஜா உட்கார்ந்தாள்.

“எப்பா. நான் சொல்லுறதக் கேளுங்க. அம்மாவ நாமதான காசிமேட்டுக் கல்லறையில அடக்கம் பண்ணுனோம்?… ஆமா… ஆமா, உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்… கோவப்படல. கோவமே இல்ல… சொல்லுங்க, கேக்கேன்… ம்… ரெண்டு கிளாஸா? ஜோடி டிக்கெட்டுல போனா ரெண்டு பேருக்குத்தான் ஊத்துவான். அவனுக்கு என்ன தெரியும் பாவம்… நீங்க தொடல. சரி… எதிர்த்தாப்ல இருக்கிற கிளாஸு மட்டும்?… தெனமுமா காலியாவுது?… எப்பா, அம்மாவாவது வைன் குடிக்கவாவது. திருவிருந்துக்குத் தவிர அவ வாயில பட்டிருக்கா?… என்னது… கண்ண மூடிக்கிட்டா?”

தங்கபுஷ்பம் சர்ச்சில் திருவிருந்தின் திராட்சரசக் கிண்ணத்தை வாங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். கசப்பு மருந்து குடிக்கிறவள் முகம்போல் இருக்கும். சின்ன வயதில் சுஜா பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டு அதைப் பார்த்துச் சிரித்துத் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. கையைக் கழுவாததும் நினைவில் இல்லை.

“எப்பா, போன கருணாகரன் சார்ட்ட குடுங்க… ஒரு நிமிசம், குடுங்களேன்… வணக்கம் சார். ஆமா சார், பொண்ணுதான். மன்னிச்சிக்கோங்க, உங்களுக்குத் தொந்தரவு… எல்லாரும் ஏறியாச்சா?… டிரைவர் சத்தம் போடுறாரா… தெரியுது சார், பிளைட்ட விட்டா கஷ்டம். ஒரு பத்து நிமிஷம் நிறுத்திக் குடுங்க சார், நான் பேசி ஏத்திவிடுறேன்… சார், ஒண்ணு கேக்கலாமா? அப்பா டேபிள்ள நீங்கதான கூட உக்காருவீங்க. அந்த ரெண்டாவது கிளாஸ நீங்கதான குடிச்சீங்க?… சும்மா சொல்லுங்க சார், நான் தப்பா நினைக்க மாட்டேன். ஊத்துனத வீணாக்கக் கூடாதுன்னு… சர்க்கரையா. டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாரா… அப்ப யாரு சார் குடிச்சது?… சார்?… லைன்ல இருக்கீங்களா?… சரி. சரி சார். அப்பாட்ட குடுங்க.”

வேலூரில் மூன்று கடை வைத்திருக்கிற கருணாகரன் கம்பெனி மேனேஜர்களையே அதட்டிப் பேசுகிற ஆள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த ஆள் போனை அவசரமாக அப்பாவின் கைக்கு மாற்றினார். 

“எப்பா… இருங்க, இருங்க, வாசல்ல யாரோ… யக்கா, போன்ல கீறேன். அப்பால வாயேன்… வாணாம்க்கா, இன்னிக்கு மீனு வாணாம். நைனா ஊர்லேர்ந்து வரட்டும், வாங்கிக்கிறேன்… இன்னாத்துக்கு அப்டி பாக்குற? ஒண்ணியும் இல்ல. கூடையத் தூக்கு, நான் வேணா கை குடுக்கட்டா?… சரி, நீ போ.”

வீட்டுக்குள் தூத்துக்குடிப் பேச்சு, வாசலில் காலடிப்பேட்டை மெட்ராஸ் பேச்சு. சுஜாவுக்கு நாக்கு தானாகத் திரும்பும். வந்தது காசிமேட்டு மங்கை. தங்கபுஷ்பத்துக்கென்று வஞ்சிரத்தின் தலையை இன்றுவரை தனியாக எடுத்து வைக்கிறவள். அடக்கத்துக்கு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. தவசிமுத்து செய்த காரியத்தை முதலில் கவனித்தவளும் அவள்தான்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். எழுந்து, பேசாமல் நடந்துவிடுவார்கள். வீட்டுக்காரர்களும் போய் வாருங்கள் என்று வாய்திறக்கமாட்டார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது இன்னும் கறார்: சொல்லவும் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. வேதக்காரர்களுக்குச் சகுனம் கிடையாது என்று பாஸ்டர் வருஷத்துக்கு ஒரு பிரசங்கம் வைப்பார். சகுனம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அன்று மண் தள்ளி முடித்து எல்லாரும் தலையைக் குனிந்து வெளியேறும்போது, தவசிமுத்து கல்லறை கேட்டருகே நின்று திரும்பி, “புஷ்பம், வா, போலாம்” என்றார். இருபத்தைந்து வருஷமாக ராத்திரி கடை ஷட்டரை இழுத்துப் பூட்டியதும் அவர் வாயில் வருகிற வார்த்தை அது. மங்கை வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

“எப்பா, இருக்கியளா?… மங்கையக்கா… ஆமா, மீனுக்கு… எப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா, அன்னிக்கு கல்லற கேட்டுகிட்ட நின்னு என்ன சொன்னிய?… ம்… சொன்னிய. நானும் கேட்டேன், எல்லாரும் கேட்டாவ… அதனாலதான்னு நானும் சொல்லல. நீங்களா என்னத்தையாவது… சரி, இப்ப எங்க நிக்கா?”

கேட்ட பிறகுதான், தானும் அம்மா நிற்பதாக ஒத்துக்கொண்டுவிட்டது அவளுக்கு உறைத்தது.

“கொடி நட்டிருக்கிற குழிகிட்டயா… வெள்ளச் சேலையா?… நீல பூப்போட்டதா. ஞாயித்துக்கிழம சேல… கையில என்ன?… செருப்பா? செருப்பக் கையில வச்சிருக்காளா?”

அம்மாவின் குணம் அது. கழுவிவிட்ட தரை, புதுசாகப் பூசிய தளம், யாராவது பெருக்கி வைத்த வாசல் எதிலும் செருப்போடு கால் வைக்கமாட்டாள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடப்பாள். அப்படிப்பட்டவள் அந்தப் புல்லில் வேறு எப்படி நிற்பாள்? சுஜா வாசலைப் பார்த்தாள். நடைக்குப் பக்கத்தில் அம்மாவின் செருப்பு கழற்றிப்போட்டபடியே, வெளியே பார்த்துக் கிடந்தது. அதை எடுத்து வைக்க அப்பாவுக்கும் அவளுக்கும் மனசு வரவில்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பொறாமையாக இருந்தது. இத்தனை நாளாக இந்த வீட்டில் விளக்கைப் போட்டு, அம்மாவின் பாயில் படுத்து, ஒரு வளையல் சத்தமாவது கேட்காதா என்று காத்திருந்தவள் அவள். அம்மா அவளிடம் வரவில்லை. பாஸ்போர்ட்டும் இல்லாமல் அவ்வளவு தூரம் போய் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

“எப்பா, அழாதிய… அவ எதுவும் பேசுனாளா?… சிரிக்க மட்டும் செய்யிதாளா… நீங்க அங்கயே இருந்துட்டா, என்ன பண்ணுவிய? போலீஸு கூட்டிட்டுப் போவான்… அதத்தான் சொல்லுறேன், ரூமும் இல்ல, சோறும் இல்ல… செத்தாலும் பரவால்லயா? அப்படியா சொல்லுதிய? அப்ப நான் யாரு? எனக்கு யாரு இருக்கா?… சொல்லுங்க… பதில் சொல்லுங்கப்பா.”

 காற்று இரைந்தது. தூரத்தில் பஸ் ஹாரன் இரண்டு முறை கேட்டது.

“சரி. போன கையில வச்சிக்கிட்டு அவகிட்ட நடந்து போங்க… ஆமா, புல்லு மேலதான். ஒண்ணும் சொல்லமாட்டான்… கிட்ட போயிட்டியளா?… போன அவ காதுல வையுங்க… வையுங்க, நான் பேசணும்… வச்சாச்சா?”

சுஜா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“அம்மா… நான் சுஜா பேசுறேன்.”

மறுமுனையில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் விட்டுவிட்டுச் சீறுவது மட்டும் கேட்டது.

“நல்லாருக்கியா?… கடைய நான் பாத்துக்கிடுதேன். சுண்ணாம்பு வாங்க வாறவங்க எல்லாம் உன்னயத்தான் கேக்காவ… எடம் உனக்குப் பிடிச்சிருக்குல்ல. படத்துல இருக்கிற மாதிரியே இருக்காமே. கன்டெய்னர் லாரி இல்ல, கரிப்பொடி இல்ல. இரும்மா, நீ அங்க இரு. உனக்காகத்தான அந்த எடமே… அம்மா, ஒண்ணே ஒண்ணு. அப்பாவ விட்ரு. அவிய பழக்கதோசத்துல கூப்ட்டுட்டாவ, நீயும் பழக்கதோசத்துல போயிட்ட. அவியளுக்கு இன்னும் வயசு இருக்கு. அவியளும் இல்லன்னா, நான் இந்த வீட்டுல… அம்மா, கேக்குதா?”

 தண்ணீர் சீறுவது நின்றிருந்தது.

“…அப்பாவா? என்ன செஞ்சா?… தலைய ஆட்டுனாளா?… ஆட்டுனாள்ல. அப்ப சரி. இப்ப நான் சொல்லுறபடி செய்யணும். அவகிட்ட ஒரு வார்த்த பேசாதிய. வாறேன்னும் சொல்லாதிய, வான்னும் சொல்லாதிய. அன்னிக்குச் செஞ்சிருக்க வேண்டியது, இன்னிக்குச் செய்யிங்க. திரும்புங்க… திரும்பியாச்சா?… நடங்க. பின்னால பாக்காதிய… இல்ல, கூப்பிடமாட்டா. அவளுக்குத் தெரியாத சம்பிரதாயமா?… நடங்க… நடங்கப்பா…”

செருப்பில்லாத காலுக்குப் புல்லில் சத்தம் இருக்காது. அப்பாவின் ஷூ முதலில் சத்தமில்லாமல், பிறகு சரளைக்கல்லில் நறநறவென்று கேட்டது. ஒரு ஷூ சத்தம்தான். சுஜா ஒவ்வொரு அடியையும் காதால் எண்ணாமல் எண்ணினாள்.

“ஏறிட்டியளா?… உக்காருங்க. சன்னல் பக்கம் வேண்டாம், உள்பக்கம் உக்காருங்க. கருணாகரன் சார் சட்டையவே பாத்துக்கிட்டு வாங்க… ம்… இப்ப போன வச்சிரணும். எப்பவும் போல ‘வாறேம்மா, கதவச் சாத்திக்கோ’ன்னு சொல்லிராதிய. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ காதுல விழும். என்கிட்டயும் சொல்லாம வையுங்க… நானும் சொல்லல. ம்… வையுங்கப்பா.”

ஒரு மூச்சு கேட்டது. பஸ் கதவு அடைபட்டது. லைன் கட்டானது.

பக்கத்துத் தெருவுக்குப் போன் பேசினாலும் சொல்லிக்கொள்ளாமல் வைக்காத மனுஷன், அன்று சொல்லாமல் வைத்தார். அப்பா பிழைத்துவிட்டார் என்று சுஜாவுக்குத் தெரிந்தது. அவள் ரிசீவரை வைக்கவில்லை. வயர் எட்டும்வரை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். காலால் அம்மாவின் செருப்பைத் தள்ளித் திருப்பி, வீட்டுக்குள் பார்க்கிற மாதிரி வைத்தாள். காதில் செத்த லைன் கொய்யென்று இரைந்துகொண்டிருந்தது.

“அம்மா… அப்பா பஸ்ஸு போயிரட்டும். அது போன பொறவு, அவிய பின்னால வராம… மெள்ள, உன் பாட்டுல… எங்கிட்ட வாம்மா. கதவு தெறந்துதான் இருக்கு.”