குழாயும் சம்பந்தியும்

நிலாவெளியிலிருந்து டவுனுக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். சாம்பல்தீவு தாண்டியதும் கணவன் சொன்னார்:

“அந்தக் குழாய் உள்ளுக்கையே இருந்திட்டுப் போகட்டும்.”

“டொக்டர்மார் கமரா விட்டுக் கிட்னிக் கல்லை எடுத்திட்டு, மூத்திரம் அடைக்காமலிருக்க வச்ச குழாயப்பா அது. பொங்கலுக்கு முன்னம் எடுக்கச் சொன்னவை, இப்ப சித்திரையும் வந்திட்டுது. பஸ் குலுங்கினாலே இடுப்பைப் பிடிக்கிறியள், மூத்திரமும் சிவப்பாப் போகுது. இன்னும் விட்டால் குழாயிலையும் கல்லுக் கட்டுமாம், பிறகு பெரிய ஒப்பரேசனாம்.”

“எல்லாம் தெரியும். கிளினிக்கிலை நிக்கிற நேர்ஸ் மிஸ்ஸி ஆர்? அவவின்ரை மகனுக்குத்தானே எங்கடை பிள்ளையைக் குடுக்கிறம். சம்பந்திக்கு முன்னாலை சாரத்தைக் கழட்ட என்னாலை ஏலாது. வாற மாசம் மணவறையிலை அவவின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?”

“ஆஸ்பத்திரி இறங்கு!” என்று கண்டக்டர் கத்தினார். கணவன் சீட்டை விட்டு அசையவில்லை.

“குழாய் வைக்கேக்கையும் ஒப்பரேசன் தியேட்டரிலை அவதான் நிண்டவ. நீங்கள் மயக்கத்திலை கிடந்தனீங்கள்.”

அவர் சாரத்து முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாத்தையும் பாத்திட்டுத்தான் பொம்பிளை கேட்டு வந்தவ. எழும்புங்கோ.”