குசினிக்குள் எழும்பிய புற்று

வவுனியாவிலிருந்து மாங்குளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். யன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“கறையானுக்கு மருந்தடிச்சால் சாமிக்குற்றமாம், அக்கா!”

“ஆர் சொன்னது?”

“என்ரை வீட்டிலை வாடகைக்கு இருக்கிற ஆக்கள்தான். வாடகைக்கு விடுவமெண்டு மாங்குளத்திலை ஒரு பலகை வீடு வாங்கினனான். குசினியிலை, அடுப்படி மூலையிலை கறையான் புத்து எழும்பியிருக்கு. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் அதுக்கு மஞ்சள் பூசி, பூ வைச்சு, வெள்ளிக்கு வெள்ளி பாலும் வைக்கினம். நாகதம்பிரான் வந்திருக்கிறாராம்.”

“பாம்பைக் கண்டவையோ?”

“ஒருத்தரும் காணேல்லை. கறையானைத்தான் எல்லாரும் கண்டவை. கதவுநிலையை அரிச்சிட்டுது. சுவர்ப்பலகையிலை விரலாலை குத்தினால் விரல் உள்ளுக்கை போகுது. மருந்தடிக்க ஒராளைக் கூட்டிக்கொண்டு போனனான். அவரும் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கும்பிட்டிட்டுத் திரும்பிப் போட்டார். நான் என்னதான் செய்யிறது, சொல்லுங்கோ!”

பஸ் கனகராயன்குளத்தைத் தாண்டியது.

“தங்கச்சி, வாற வெள்ளி நானும் பாலோடை வந்தால் என்னை உள்ளுக்கை விடுவினமோ? மகளின்ரை கலியாணத்துக்கு ஒரு நேர்த்திக்கடன் கிடக்கு.”