வட்டம் போட்ட கதவு

காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்காமல் நான் வாய் திறப்பதில்லை. தொண்டைதான் என் பிழைப்பு. தலைவரின் அறிவிப்பு வண்டியில் மைக் பிடிக்கிறவன் நான். என் தங்கை எப்படிச் செத்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன் ஐயா, அவசரப்படாதீர்கள்.

எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்கள். எழுதப் படிக்கத் தெரியாது. சுவரொட்டி ஒட்டினால், "அண்ணே, என்ன போட்டிருக்கு?" என்று என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னதுதான் எழுத்து. தலைவர் இல்லாவிட்டால் வெளியூர்க்காரன் புகுந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வான் என்பேன். பயந்தார்கள். பயந்ததால் ஒற்றுமையாகவும் இருந்தார்கள். இதில் என்ன குறை?

குறை கண்டவள் என் தங்கை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூளைப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஒருத்தி தன் பெயரை எழுதக் கற்றுவிட்டால், அந்த வீட்டுக் கதவில் என் தங்கை சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். அவளுக்கு அது விளையாட்டு. அந்தப் பெண்களுக்கோ தலைகால் புரியாத பெருமை.

தேர்தல் கூட்டத்தில் வந்தது வினை. 'தெருவுக்குத் தெரு குழாய் போட்டாச்சு' என்று மேடையில் எழுதியிருந்ததை ஒரு சூளைக்காரி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "எங்க தெருக் குழாயை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். கூட்டமே சிரித்தது. தலைவரைப் பார்த்து இந்த ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வண்டியில் ஏறும்போது அவர் என் தோளில் கை போட்டார். "உன் தங்கச்சி நல்லாத்தான்யா வேலை பார்க்குது. நீதான் பார்க்கல." எனக்குச் சுருக்கென்றது. அவர் வேறெதுவும் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் நான் செய்த அறிவிப்பு என் சொந்த யோசனை. "பிள்ளை பிடிக்கிற கும்பல் கதவுல வட்டம் போட்டு அடையாளம் வைக்குது. ஜாக்கிரதையா இருங்க." அவள் வழக்கமாகப் போகிற தெருக்களில் இதை நான் சொல்லவில்லை. அங்கே அவளைத் தெரியும், நம்ப மாட்டார்கள். ஆற்றோரத் தெருவில் மட்டும் சொன்னேன். அங்கே முதல் வட்டம் போடப் போவதாக அன்று காலை எனக்குச் சோறு போடும்போது அவளே சொல்லியிருந்தாள்.

எச்சரித்திருக்கலாமே என்பீர்கள். சொன்னால் கேட்கிற பிள்ளையா அவள்? தோளில் தூக்கி வளர்த்தவன் நான். எனக்கு வலிக்காது என்று நினைக்கிறீர்களா? அவளுக்குப் பிறகு வீட்டில் விளக்குப் போடவே மனம் வரவில்லை.

நான் மறுபடி அந்தத் தெருவுக்குள் வண்டியை விட்டபோது அவளைச் சுற்றிக் கூட்டம். வட்டம் போட்ட வீட்டுக்காரி சூளைக்குப் போயிருந்தாள். சாட்சி சொல்ல ஆளில்லை. நெற்றியில் ரத்தத்தோடு என் தங்கை என்னைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லுண்ணே."

கட்டையை ஓங்கியவன்கூட அப்படியே நின்றான். அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். என் குரலுக்கு அவ்வளவு மரியாதை. மைக்கை எடுத்து நான் சொன்னது இதுதான்: "இந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது. யாரும் பயப்படாதீங்க, தலைவர் நம்ம கூட இருக்கார்."

இதில் எந்த வார்த்தை அடிக்கச் சொல்கிறது, நீங்களே காட்டுங்கள்.