பெட்டி நசுங்கின ப்ராசசர்

இல்லண்ணே, இந்த போர்டுல அது உக்காராதுன்னு எனக்கும் தெரியும். வீட்டுல வச்சுப் பாத்தாச்சு. போர்டு பத்தாவது ஜெனரேஷன், ப்ராசசர் பன்னெண்டு. சும்மா பாத்தா போர்டுல உள்ள குழியும் இதும் ஒரே அளவுபோலத்தான் இருக்கு, வச்சா ஒரு நகத்தளவு வெளிய நிக்கு. தக்கலையில ரெண்டு கடை ஏறி எறங்கிட்டுத்தான் வடசேரிக்கு வந்தேன்.

போர்டு எனக்க கூடப் படிச்ச ஸ்மைலின் தந்தது. அவ புதுசு வாங்கிட்டா. ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட்டு எல்லாம் ஒவ்வொண்ணாச் சேத்தது. ஒண்ணாந்தேதி வேலைக்குச் சேரணும், வீட்டுல இருந்தே பாக்குகது. சிஸ்டம் நம்மதா இருக்கணும்னுட்டாவ.

நீங்க சொல்லுகது புரியுது. இந்த ப்ராசசர உங்ககிட்ட தந்துட்டு, போர்டுக்குப் பொருந்துக பழசு ஒண்ணு எடுத்தா செலவு கம்மி. இன்னைக்கே ஓடவும் செய்யும். வேண்டாம்ணே. போர்ட மாத்துவோம். பன்னெண்டாவதுக்கு உள்ள போர்டுல டிடிஆர் ஃபோர் எடுக்கதும் உண்டுல்லா? அப்ப எனக்க ரேம் தப்பிச்சிரும். சின்ன போர்டுன்னா கேபினெட்டும் போதும்.

அந்த மூலையா? பெட்டிதான் நசுங்கினது. சிப்புல ஒரு கீறல் கிடையாது, திறந்து பாத்துக்கிடுங்க. பில்லும் உள்ளயே இருக்கு. ஆமா, மஸ்கட் பில்லு. எனக்க அப்பா வாங்கினது. அங்க ஏசி மெக்கானிக்கு.

தப்பு என் மேலதான். ஐ த்ரீ ப்ராசசர்னு மட்டும் எழுதி அனுப்பினேன், ஜெனரேஷன் எழுதல்ல. மகளுக்குல்லா, இருக்கதுல புதுசா ஒண்ணு தாங்கன்னு கடையில கேட்டிருக்காவ. போட்டோ அனுப்பினப்பதான் பாத்தேன். ஒரு காரியம் ஒழுங்கா செய்ய மாட்டியளான்னு கேட்டுட்டேன். நான் அப்படிச் சத்தம் போட்டுப் பேசுக ஆளே இல்லண்ணே. அன்னைக்கு வாயில வந்துட்டு. வெள்ளிக்கிழமை, அவங்களுக்கு லீவு. உச்சி வெயிலு. செரி மக்கா, இப்பமே போய் மாத்திட்டு வாறேன்னாவ.

வண்டி இடிச்சது கடைக்கு எதுத்த ரோட்டுலயாம். பெட்டி கையில இருந்திருக்கு. கூட ரூமுல உள்ள ஜெப்சன் மாமாதான் எடுத்து வச்சிருந்து, அப்பாவக் கொண்டு வந்த அதே பிளைட்டுல கொண்டு தந்தாவ.

அந்த போர்டயே எடுங்கண்ணே, விலை குறஞ்சது போதும். இத மாத்தணும்னு மட்டும் சொல்லாதீங்க. ஒருக்கா நான் சொன்னதே போதும்.