தொண்ணூறு டிகிரி

முழங்கைக்கு ரோஷம் அதிகம், டாக்டர். தோளையோ முழங்காலையோ கட்டிப்போட்டால், பிறகு கெஞ்சிக் கூத்தாடி ஓரளவு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். முழங்கை மூன்று வாரம் அசையாமல் கிடந்தால் முறைத்துக்கொண்டு இறுகிவிடும். இருபத்தெட்டு வருஷமாக உங்கள் ஆஸ்பத்திரியில் கைகளுக்குப் பட்டை மாட்டி, கோணம் அளந்து, அட்டையில் எழுதுகிறவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

என் மகள் பாப்பா தன் கடையில் கண்ணாடி மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தாள். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, மூட்டு நழுவி, அதைப் பிடித்திருந்த நாரும் கிழிந்திருந்தது. நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தீர்கள். "பத்து நாள் தொண்ணூறு டிகிரியில நிறுத்துங்க. அப்புறம் வாரா வாரம் பத்து பத்தா திறந்துவிடுங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றீர்கள்.

அவள் தலைமுடி அலங்காரம் செய்கிறவள். அதற்கும் நான்தான் காரணம். அவள் அம்மா போனபோது பாப்பாவுக்கு ஏழு வயது. நான் பின்னிவிடும் சடை பள்ளிக்கூட வாசலிலேயே அவிழ்ந்துவிடும். சிரித்துக்கொண்டே தானாகப் பின்னக் கற்றுக்கொண்டாள். விழுவதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் அலமாரியில் ஒரு கடிதம் பார்த்தேன். தூரத்து ஊரில் ஒரு பெரிய அலங்காரக் கடையில் வேலை. என்னிடம் மூச்சுவிடவில்லை. சொல்லாமல் கிளம்பப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பட்டையில் முழங்கை மடியும் இடத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு, அதைத் தளர்த்தினால்தான் கை நீளும். அதை நான் தொடவில்லை. அட்டையில் எண்பது, எழுபது, அறுபது என்று எழுதினேன். நீங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தீர்கள், அட்டையைப் பார்த்தீர்கள். வெளியே அவ்வளவு கூட்டம். உங்களைக் குறை சொல்லவில்லை.

"டாக்டர் திறக்கச் சொன்னாரேப்பா?"

"மூட்டு இன்னும் ஆடுதும்மா. அவசரப்பட்டா மறுபடி நழுவிடும்."

"சரிப்பா" என்றாள். விரலை மடக்கச் சொன்னேன், மடக்கினாள். தோளைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கையை முடக்க நான் நினைக்கவில்லை. வேலையில் சேரவேண்டிய தேதி தாண்டினால் போதும் என்றுதான் இருந்தேன். தேதி தாண்டியது. இன்னும் ஒரு வாரம் போகட்டுமே என்று தோன்றியது. அவளுக்கு இடது கையால் சாப்பிடத் தெரியும், ஆனாலும் நான் ஊட்டினால் வாயைத் திறந்தாள்.

எட்டாவது வாரம் அந்தப் பெரிய கடைக்கார அம்மா பார்க்க வந்தார். நான் காபி கொடுத்தேன். "கடிதம் கிடைச்ச அன்னைக்கே வரலேன்னு சொல்லிட்டாளே. அப்பாவைத் தனியா விடமுடியாதாம்" என்றார். அவர் வாசலைத் தாண்டியதும் திருகைக் கழற்றினேன். திருகு வந்துவிட்டது. கை அப்படியே நின்றது. பிடித்து அழுத்தினேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் பயிற்சியைச் சரியா செய்யலையோப்பா?" என்று அழுதாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் அசட்டையா இருந்துட்டே, பாப்பா" என்றேன். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அட்டையில் முப்பது, கையில் தொண்ணூறு, எப்படி என்று கேட்டீர்கள். இப்படித்தான். மறுபடி ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்கிறீர்கள், செய்யுங்கள். என்னை வேலையை விட்டு நீக்குங்கள், போலீசிலும் சொல்லுங்கள். அவளிடம் மட்டும் சொல்லவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அவள் தாங்கமாட்டாள்.

நேரமாகிவிட்டது, நான் போகவேண்டும். அவள் வலது கை தலைக்கு எட்டுவதில்லை. தினமும் நான்தான் பின்னிவிடுகிறேன். இப்போதெல்லாம் சாயங்காலம் வரை அவிழ்வதில்லை, டாக்டர்.