சுவோவின் ஒரே வாடிக்கைக்காரர்

— நீங்க எங்க வக்கீல், திரும்பச் சொல்லுங்க, ஓயாங் சார். நிங்போ துறைமுகத்துல பிடிச்சு வெச்சிருக்கறது எங்க பிளாஸ்க். எங்க ஃபேக்டரியில செஞ்சது. அது எப்படிப் போலியாகும்?

— இதுல ஒரு அழகு இருக்கு, துவான் மேடம். நம்ம சீனாவுல பேரை யார் முதல்ல பதிவு பண்றாங்களோ, பேரு அவங்களுக்கு. உங்க பிளாஸ்க் மேல இருக்கற ‘ஊல்வெக்’கை சுவோ பதிவு பண்ணிட்டார். கஸ்டம்ஸ்லயும் சொல்லி வெச்சுட்டார். இனி அந்தப் பேர்ல வேற யார் சரக்கு ஏத்தினாலும் போலிதான்.

— ஊல்வெக்ங்கறது எங்க டென்மார்க் முதலாளியோட தாத்தா பேரு சார்.

— தாத்தா இங்க வந்து பதிவு பண்ணலையே.

— அந்த சுவோ யிவூ சந்தையில எங்க பிளாஸ்க்கைப் பார்த்துக் காப்பியடிக்கிற ஆளு.

— அவருக்கும் உங்க மேல வருத்தம். உங்க மூடி சரியா இறுகலையாம், அவர் பேரு கெடுதாம்.

— எனக்கு வயிறு எரியுது, உங்களுக்கு விளையாட்டா இருக்கு. புத்தாண்டு வசந்த விழாவுக்குள்ள சரக்கு கப்பல் ஏறலைன்னா ஃபேக்டரியை மூடிருவாங்க. லீவுக்கு ஊருக்குப் போற தொழிலாளி சனம் திரும்பி வர இடமிருக்காது. நானுந்தான்.

— கெட்ட எண்ணத்துல பதிவு பண்ணார்னு அஞ்சு வருஷத்துக்குள்ள ரத்து பண்ணக் கேட்டிருக்கலாம்.

— அந்த அஞ்சு வருஷமும் தலைமை ஆபீஸ்ல அதைப் பத்திக் கூட்டம் போட்டாங்க.

— சரி, இன்னொரு கதவு இருக்கு. அதுதான் இன்னும் அழகு. பதிவு பண்ண பேர்ல மூணு வருஷம் வியாபாரமே நடக்கலைன்னா, பேரு ரத்து. சந்தையில விசாரிச்சேன். சுவோகிட்ட ஒரு ஈ காக்கா வாங்கறதில்லையாம். உட்கார்ந்து சீட்டாடறாராம்.

— அப்படின்னா ரத்தாயிடும்ல? வயித்துல பாலை வார்த்தீங்க.

— நானும் ஆசையா மனு போட்டேன். வியாபாரம் நடந்ததுக்கு அவர் அத்தாட்சி குடுத்துட்டார். அசைக்கவே முடியாத அத்தாட்சி.

— யாருமே வாங்கலைன்னீங்க?

— ஒருத்தர் வாங்கியிருக்கார். வருஷம் தவறாம வந்து, நோட்டரியைப் பக்கத்துல நிறுத்தி, வீடியோ எடுத்து, ரசீது கேட்டு, பெட்டிக்கு அரசாங்க முத்திரை வெச்சு.

— சார். அது நாங்க. அவர் போலி விக்கறார்னு கோர்ட்ல நிரூபிக்கறதுக்காக வாங்கினது.

— அந்த வழக்குக் கட்டுல இருந்துதான் எடுத்துக் குடுத்திருக்கார். பாவம், கடையை மூடிடலாமான்னு யோசிக்கறாராம். இந்த வருஷமும் நீங்க வருவீங்களான்னு கேட்டுச் சொல்லச் சொன்னார்.