ரோலருக்குப் பின்னால் வந்த சுவடு

பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியவர்கள் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தைரியம் வராது.

மாலை ஆறரை மணி. காட்டுக்குள் போகிற மண் பாதை... ஈ காக்கை கிடையாது. பாதை முடிகிற இடத்தில் பாதி எழும்பிய சின்ன மண் அணை. அதன்மேல் ஒரே ஒரு ரோலர். ஓட்டியது என் நண்பனின் அத்தை.

போன கோடையில் தண்ணீர் தேடி ரோட்டுக்கு வந்த மான் ஒன்று, அத்தையின் கண்ணெதிரே லாரியில் அடிபட்டது. அந்த மாதிரி வாயில்லா ஜீவன்களுக்காகத்தான் இந்த அணை. மழைக்குள் முடியாவிட்டால் போட்ட மண் அத்தனையும் கரைந்துவிடும். ஆனால் ஆட்கள் ஐந்து மணிக்கே மூட்டை கட்டினார்கள். முன்பு அங்கிருந்த அணை உடைந்தபோது வெள்ளத்தோடு போன காவல்காரன், பொழுது சாய்ந்தால் கரையில் நடக்கிறானாம்.

"நடந்தா நடக்கட்டும். எனக்கு வேலை கெடக்கு," என்றார் அத்தை.

மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, குதிகால் ஊன்றினாலும் பதியாத அளவுக்கு உருட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்த அடுக்கு.

அன்று உருட்டும்போது பின்னால் ஒரு சத்தம். சப்... சப்... என்ஜினை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. குட்டையின் அடிச்சேறு மாதிரி ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. டார்ச் அடித்தார். இப்போதுதான் உருட்டிய மண்ணில் ஈரமாக வெறுங்கால் சுவடுகள். ரோலரின் பின்னாலேயே வந்திருந்தன.

அத்தைக்கு முதுகு சில்லிட்டது. அதைவிடக் கோபம் வந்தது.

"என் வேலை மேலயே சேத்துக் காலோட நடக்குறியா? நட, எவ்வளவு தூரம்தான் நடக்குறேன்னு பாக்குறேன்!"

சுவடுகள் எல்லாம் மேலோட்டமாக இருந்தன. ஓரிடத்தில் மட்டும் கணுக்கால் ஆழத்துக்குப் புதைந்திருந்தது. அத்தை தன் குதிகாலை அங்கே ஊன்றினார். பொதக்கென்று உள்ளே போனது. ஓடுகிற அவசரத்தில் ஆட்கள் அடுக்கடுக்காகப் போடாமல் லாரி மண்ணை மொத்தமாகக் கொட்டியிருந்தார்கள். அவ்வளவு கனத்தில் ரோலர் உருட்டியும் மண் இறுகவில்லை. தண்ணீர் நின்றால் அங்கேதான் உடையும்.

மறுநாள் மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "விட்ரும்மா. அணையே வேணாம்னு அது சொல்லுது."

"அது ஒண்ணும் சொல்லல. பயந்து கொட்டிட்டு ஓடுனது நீங்க. தோண்டுங்க!"

தோண்டி, புதிதாக அடுக்கினார்கள். தினமும் ஆட்கள் போனபிறகு அத்தை தனியாக உருட்டினார். சப்... சப்... அதுவும் தினமும் வந்தது. அத்தையும் தினமும் திட்டினார்.

கடைசி அடுக்கு அன்று மேகம் திரண்டு நின்றது. கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருட்டி முடித்தார். பின்னால் சத்தமே இல்லை. டார்ச் அடித்தார். ஒரு சுவடு கூட இல்லை.

"என்னடா, அவ்வளவுதானா உன் வீரம்?"

ரோலரின் தகரக் கூரையில் மழை சடசடத்தது. இறங்குவதற்குக் காலை நீட்டினார்.

படியில் சேறு. வெறுங்கால் சுவடு... ஏறியிருந்தது. இறங்கவில்லை.

அத்தை காலை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, உக்காரு. அணை தாங்குதான்னு ரெண்டு பேருமே பாத்துட்டுப் போவோம்."

பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

அந்தக் கூரையில் ஓட்டை எதுவும் கிடையாது.